நேர்முகப் பரீட்சை முடிந்த பின்னர்
தாதியர் வேலைக்குப் போய்வந்த பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

தாதியர் பயிற்சிக்கோ வேலைக்கோ நேர்முகப் பரீட்சைக்குக் கொழும்பு வரை போய்வந்த பிள்ளை, "கடிதம் அனுப்புவதாகச் சொன்னார்கள்" என்று கூறிவிட்டு வீட்டில் இருந்துவிடுகிறது. பெற்றோரும் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். உருளைக்கிழங்கு நட்டவர் எவரும் மண் அணைக்காமல் விடுவதில்லை. இந்த விடயத்தில் மட்டும் நட்டதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம்.

இது ஒரு வீட்டுக்கு வரும் சம்பளத்தைப் பற்றிய விடயம் மட்டுமல்ல. டிக்கோயா ஆதார வைத்தியசாலையின் புதிய கட்டடம் 150 கட்டில்களுடன் 2017 மே மாதம் திறக்கப்பட்டது. கட்டடம் எழும்பினால் மட்டும் போதாது. கொழுந்து பறிக்கும் ஒரு தாய் தன் நோவைத் தமிழில் சொல்லும்போது அதை அப்படியே விளங்கிக்கொள்ளும் தாதியரும் வேண்டும். அந்த இடத்துக்கு எமது பிள்ளை போகக்கூடிய வாய்ப்பு, ஒரு கடிதம் பிந்தியதால் இல்லாமற் போகக் கூடாது.

முதலில் கடிதத்தைப் பற்றியே பேசுவோம். தோட்டங்களில் கடிதம் லயத்துக் கதவுக்கு நேரே வருவதில்லை. தோட்டத்துக்கு வரும் தபால் எல்லாம் கட்டாகத் தோட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து டிவிஷனுக்குப் பிரிந்து, யாரோ ஒருவர் கையில் வீடு வந்து சேர்கிறது. ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் கடிதம் எந்த வீட்டுக்குப் போகும் என்று சொல்ல முடியாது. இடம்பெயர்ந்த குடும்பங்களின் நிலை இதிலும் மோசம். விண்ணப்பம் போடும்போது ஒரு தோட்டம், நேர்முகப் பரீட்சை நடக்கும்போது ஒரு தற்காலிகக் கொட்டகை, முடிவு வரும்போது உறவினர் வீடு. கடிதமோ முதல் முகவரிக்குத்தான் போகும்.

ஆகவே நேர்முகப் பரீட்சை முடிந்த வாரத்திலேயே மூன்று இடங்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும். பழைய தோட்டத்தின் அலுவலகத்தில் கடிதங்களைப் பிரிப்பவரிடம் சொல்லுங்கள். உங்கள் பகுதித் தபாலதிபருக்குப் பழைய முகவரியையும் புதிய முகவரியையும் எழுத்தில் கொடுங்கள். நேர்முகப் பரீட்சை நடத்திய நிறுவனத்துக்கும் பதிவுத் தபாலில் முகவரி மாற்றத்தை அறிவியுங்கள். நிலையான முகவரி இல்லாதவர்கள், பாடசாலை அதிபர் அல்லது நகரத்தில் கடை வைத்திருக்கும் நம்பிக்கையான ஒருவரின் சம்மதத்தோடு அவரது முகவரியைக் கொடுக்கலாம். தொலைபேசி எண்ணிலும் இதே கவனம் வேண்டும். கொழும்பில் வேலை செய்யும் அண்ணனின் எண்ணைக் கொடுத்திருந்தால், அழைப்பு வரக்கூடும் என்பது அண்ணனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத எண் என்று அவர் எடுக்காமல் விட்டால் நஷ்டம் தங்கைக்குத்தான்.

அடுத்தது, எப்போது விசாரிப்பது என்ற கேள்வி. அரச தாதியர் பயிற்சிக்கு உயர்தரப் பெறுபேற்றின் இசட் புள்ளியே முக்கியம். பொது நேர்முகப் பரீட்சை என்று சொல்லப்படுவது பெரும்பாலும் சான்றிதழ்களைச் சரிபார்ப்பதற்கே. அதற்குப் புள்ளி இல்லை. எனவே நன்றிக் கடிதம் எழுதுவதால் அங்கு எதுவும் கூடாது, குறையாது. விடுபட்ட ஆவணத்தைச் சொன்ன திகதிக்குள் அனுப்புவதே அங்கு பயன் தரும். தனியார் வைத்தியசாலைகளில் நிலைமை வேறு. முடிவு எப்போது தெரியும் என்று எழுந்து வருமுன்னரே மரியாதையாகக் கேட்டுவிடலாம். சொன்ன நாள் கடந்து ஒரு வாரமாகியும் தகவல் இல்லையானால் ஒரு கடிதம் எழுதலாம். நாளொன்றும் சொல்லாவிட்டால் இரண்டு மூன்று வாரம் பொறுப்பது நல்லது. நாள்தோறும் தொலைபேசி எடுப்பது எரிச்சலைத்தான் உண்டாக்கும்.

கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. இப்படி எழுதினால் போதும்:

"ஐயா/அம்மணி, பயிலுநர் தாதியர் பதவிக்காகத் தங்கள் நிறுவனத்தில் இத்திகதியில் நடைபெற்ற நேர்முகப் பரீட்சைக்கு நான் தோற்றியிருந்தேன். எனது விண்ணப்ப இலக்கமும் தேசிய அடையாள அட்டை இலக்கமும் மேலே தரப்பட்டுள்ளன. தெரிவு முடிவு எப்போது அறிவிக்கப்படும் என்பதைத் தயவுசெய்து அறியத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். எனது தற்போதைய முகவரியும் தொலைபேசி எண்ணும் கீழே உள்ளன."

குடும்பக் கஷ்டத்தை இதில் எழுத வேண்டாம். கஷ்டம் பொய்யல்ல. ஆனால் அந்தக் கடிதத்தைப் பிரிப்பவர் தேடுவது இலக்கத்தையும் திகதியையும்தான். கடிதத்தின் பிரதியையும் பதிவுத் தபால் பற்றுச்சீட்டையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். அரச அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம். தமிழும் அரச கரும மொழி.

காத்திருக்கும் நாட்களில் செய்ய வேண்டிய இன்னொரு வேலை, ஆவணங்களைச் சீராக்குவது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து, பரீட்சைச் சான்றிதழில் தந்தையின் பெயர் இன்னொரு விதம் என்று இருப்பது எமது மக்களிடையே புதிதல்ல. நேர்முகப் பரீட்சையில் இது பற்றி ஒரு சொல் கேட்டிருந்தாலும், மறுநாளே பிரதேச செயலகத்துக்குப் போய்த் திருத்தத்துக்கு வழி கேளுங்கள். திருத்தம் கிடைக்கும் வரை சமாதான நீதவான் முன்னிலையில் செய்த சத்தியக் கடதாசியை ஏற்பார்களா என்று அந்த நிறுவனத்திடமே எழுத்தில் கேளுங்கள். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது லயங்களே புதைந்துபோயின. அப்படிப்பட்ட அழிவில் ஆவணங்களை இழந்தவர்கள் பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்திலும், பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்திலும் மீண்டும் பெறலாம்.

நேர்முகப் பரீட்சை முடிந்த கையோடு தரகர்களும் வந்துவிடுவார்கள். "பட்டியலில் பெயர் இருக்கிறது, கொஞ்சம் செலவு செய்தால் கடிதம் வரும்" என்பார்கள். பிள்ளையின் பெயர் உண்மையிலேயே பட்டியலில் இருந்தால் அவருக்குப் பணம் எதற்கு? அரச பதவிக்கு இலஞ்சம் கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற எண்ணுக்கு அறிவிக்கலாம். வெளிநாட்டு வேலையானால் முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இல் கேட்டறியலாம்.

தெரிவாகவில்லை என்றால், ஏன் என்று கேட்க உரிமை உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, அமைச்சின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுதி, உங்கள் புள்ளி என்ன, வெட்டுப்புள்ளி என்ன என்று கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. தகவல் தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடமும், அதன் பின்னர் தகவல் ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். மற்றப் பிள்ளைகளின் சொந்த விபரங்களை மறுக்க இடமுண்டு. உங்கள் விபரத்தையே கேளுங்கள்.

நல்ல கடிதமே வந்து, ஆனால் பிந்தி வந்தால்? சமுகமளிக்க வேண்டிய நாள் கடந்துவிட்டது என்று அழுதுகொண்டு இருந்துவிட வேண்டாம். உறையைக் கிழித்து எறியவும் வேண்டாம். உறையிலுள்ள தபால் முத்திரைதான் சாட்சி. கடிதம் கைக்கு வந்த திகதியைத் தோட்ட அலுவலகத்திடமோ தபாலதிபரிடமோ எழுதி வாங்கி, உறையின் பிரதியையும் சேர்த்து, அன்றே வேறொரு நாள் தருமாறு கேட்டு எழுதுங்கள். முடிந்தால் நேரிலும் போங்கள். கொடுப்பார்கள் என்று நாம் உறுதி சொல்ல முடியாது. ஆனால் கேட்காதவருக்கு ஒருபோதும் கிடைக்காது.

தோட்ட அலுவலகத்தில் கடிதப் பதிவேடு ஒன்று உண்டா என்றும் கேட்டுப் பாருங்கள். வந்த திகதி, பெயர், பெற்றவரின் கையொப்பம் என மூன்று நிரல் போட்ட ஒரு கொப்பி போதும். ஒரு தாய் தனியாகப் போய்க் கேட்பதைவிட, உயர்தரம் படித்த பிள்ளைகளின் பெற்றோர் பத்துப் பேர் தலைவரையும் கூட்டிக்கொண்டு துரையிடம் போனால் அந்தக் கொப்பி அடுத்த மாதமே மேசைக்கு வந்துவிடும்.