மலத்தில் தப்பும் புழு, ரத்தத்தில் சிக்கும்

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை வார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு புழுவை ரத்தத்தில் தேடும் பரிசோதனை சட்டென்று புரியும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் களிமண் கூழை ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்ச, உள்சுவரில் மண் படிகிறது. மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டு அச்சைப் பிரித்தால் பொம்மை. அது சூளை ஏறி, கடைக்குப் போய், விற்றும் போய்விடும். அச்சு பட்டறையிலேயே கிடக்கும். உடம்புக்குள் புழு நுழைந்தால், அதற்குப் பொருந்தும் எதிர்ப்பொருளை ரத்தம் இப்படித்தான் வைத்திருக்கிறது. புழு வந்தது என்பதற்கு அது சாட்சி. இன்னும் இருக்கிறதா என்பதை அது மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

அதனால் உருளைப்புழுவுக்கு ரத்தம் எடுப்பது வீண்செலவு. ஒரு பெண் புழு நாளுக்கு சுமார் 2 லட்சம் முட்டையிடும். மலத்தை நுண்ணோக்கியில் பார்த்தாலே போதும்.

ஸ்ட்ராஞ்சிலாய்ட்ஸ் அப்படியல்ல. மலம் கலந்த ஈரமண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து ஏறும் புழு இது. சிறுகுடலில் தங்கும் பெண் புழுவின் நீளம் சுமார் 2 மில்லிமீட்டர்தான். அதன் இளம்புழுக்கள் மலத்தில் கொஞ்சமாக, சில நாள் மட்டுமே தென்படும். சில, வெளியேறாமலே குடற்சுவரைத் துளைத்து மறுபடி உடம்புக்குள் போய்விடும். இப்படியே பல பத்தாண்டு ஓடும். மலேயாத் தமிழர்கள் கூட்டம் கூட்டமாக மாண்ட சயாம் ரயில்பாதையில் 1942-43இல் வேலை வாங்கப்பட்ட பிரிட்டிஷ் போர்க்கைதிகள் சிலரிடம், ஊர் திரும்பிப் பல பத்தாண்டுகள் கழித்தும் இந்தப் புழு இருந்தது.

இங்கேதான் 1971இல் வந்த எலிசா முறை கைகொடுக்கிறது. 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் புழுவின் புரதத்தை ஒட்டவைத்து, நோயாளியின் சீரத்தை நீர்க்கச் செய்து விடுகிறார்கள். எதிர்ப்பொருள் இருந்தால் பற்றிக்கொள்ளும். மற்றதெல்லாம் கழுவலில் போய்விடும். பிறகு நொதி சேர்த்த இன்னொரு எதிர்ப்பொருள், மறுபடி கழுவல், கடைசியில் நிறமேற்றி. குழியில் நிறம் ஏறினால் எதிர்ப்பொருள் உண்டு. வேறு புழுவுக்கான எதிர்ப்பொருளும் சில சமயம் ஒட்டிக்கொள்ளும் என்பதால், நோயாளியைப் பார்க்காமல் சீட்டை மட்டும் படிக்கக் கூடாது.

அமீபாவால் கல்லீரலில் சீழ்கட்டி வந்தவர்களுக்கும் இதே உதவி. மலத்தில் அமீபா பெரும்பாலும் தென்படாது. ரத்தத்திலோ பத்தில் ஒன்பது பேருக்கு மேல் எதிர்ப்பொருள் இருக்கும்.

ஸ்டீராய்டு மருந்து எதிர்ப்பாற்றலை அடக்கும்போது, அடங்கிக் கிடந்த ஸ்ட்ராஞ்சிலாய்ட்ஸ் பெருகி நுரையீரல் வரை பரவி உயிரையே பறிக்கக்கூடும். எனவே, வயலிலும் மண்வேலையிலும் வெறுங்காலோடு உழைத்தவர்கள் நீண்டநாள் ஸ்டீராய்டு தொடங்கும் முன் இந்தப் பரிசோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பள்ளியில் தரும் ஒற்றை அல்பெண்டசோல் மாத்திரை இந்தப் புழுவுக்குப் போதாது. இதற்கு உரிய மருந்து ஐவர்மெக்டின்.