ஆற்றை உரசிப் பறக்கும் டாபென்டன் வௌவால்

இதன் எடை சுமார் 10 கிராம்தான். குனிந்து பாதங்களைப் பாருங்கள்: இத்தனை சிறிய உடலுக்கு எவ்வளவு பெரியவை! பொழுது சாய்ந்ததும் ஆற்று நீரை உரசினாற்போலப் பறந்து, இந்தப் பாதங்களால்தான் பூச்சிகளை அள்ளுகிறது.

1996இல் இங்கிலாந்தின் நியூஹேவனில் கிடைத்த டாபென்டன் வௌவால் ஒன்றில், ரேபிஸ் வைரஸுக்கு நெருங்கிய உறவான லிஸ்ஸா வைரஸ் இருந்தது. பிரிட்டனில் அந்த வகை வைரஸ் தென்பட்டது அதுவே முதல் முறை. 2002இல் ஸ்காட்லாந்தில் வௌவால்களைக் காக்கப் பாடுபட்ட ஒருவர் அதே வைரஸால் இறந்தார். அவர் ரேபிஸ் தடுப்பூசி போட்டிருக்கவில்லை. வௌவால்களைக் கையாள்பவர்கள் இன்று ஊசி போடாமல் அவற்றைத் தொடக்கூடாது.

இந்த வைரஸைத் தேடும் கண்காணிப்பின் பெரும்பகுதி பொதுமக்கள் கையில் இருக்கிறது. செத்துக் கிடக்கும் வௌவால்களை அவர்கள் அனுப்பிவைக்க, இங்கிலாந்தின் வேபிரிட்ஜ் ஆய்வகத்தில் மூளைத் திசுவைக் கண்ணாடித் தகட்டில் ஒற்றி, ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருளைச் சேர்க்கிறார்கள். வைரஸ் இருந்தால் நுண்ணோக்கியில் பச்சைப் புள்ளிகள் மின்னும்.

உயிருள்ள வௌவாலை வலையில் பிடித்து, வாயில் பஞ்சுக்குச்சியால் எச்சில் ஒற்றி, துளி இரத்தம் எடுத்துப் பறக்கவிடுவார்கள். எச்சிலில் வைரஸ் இல்லாமல், இரத்தத்தில் மட்டும் எதிர்ப்பொருள் கிடைப்பதுண்டு: வைரஸைச் சந்தித்தும் பிழைத்திருக்கிறது அந்த வௌவால். எப்படிப் பிழைத்தது என்பதே ஆய்வாளர்களை இழுக்கும் கேள்வி.

தரையில் வௌவால் கிடந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். கடித்தாலோ கீறினாலோ உடனே சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.