ப்ரெட் மெஷின்: அடுப்படிக்கா, பரணுக்கா?

நம்மூரில் ப்ரெட் என்பது ரொம்ப நாள் வரைக்கும் சாப்பாடு இல்லை ஸார், மருந்து! வீட்டில் யாருக்காவது ஜுரம் வந்தால் ஒரு பாக்கெட் வரும். பாலில் தோய்த்து ரெண்டு ஸ்லைஸ் நோயாளிக்கு. மீதியை ஜுரம் இல்லாதவர்கள் ஜாம் தடவி முடித்து விடுவார்கள்.

இப்போது அப்படியா? புருஷன், பெண்டாட்டி ரெண்டு பேரும் எட்டு மணிக்கு வாசலில் செருப்பைத் தேடுகிற வீடுகளில் பாதி நாள் காலை டிபன் ப்ரெட்தான். ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பிரம்மச்சாரிகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சில நாள் ராத்திரி சாப்பாடும் அதுவே.

இவர்களுக்காகவே கடையில் உட்கார்ந்திருக்கிறது ஒரு சின்னப் பெட்டி. மேலே மூடி. உள்ளே ஒரு பாத்திரம். அதன் அடியில் துடுப்பு மாதிரி ஒரு பிளேடு. மாவு, தண்ணீர், ஈஸ்ட், உப்பு, சர்க்கரை போட்டுப் பட்டனைத் தட்டினால் அதுவே பிசையும், அதுவே பொங்க வைக்கும், அதுவே சுடும். மூன்று, நாலு மணி நேரத்தில் சுடச்சுட ப்ரெட்!

வாங்கலாமா? போனஸ் வந்த கை பரபரக்கும்தான். கொஞ்சம் பொறுங்கள். முதலில் ஒரு ஜப்பான் கதை.

மாஸ்டரிடம் பாடம்

1985-ல் ஓசாகாவில் மாட்சுஷிதா கம்பெனி (2008-லிருந்து பேனசோனிக் என்று பெயர்) வீட்டுக்கான ப்ரெட் மெஷின் செய்யப் பார்த்தது. சரிப்படவில்லை. மேல்தோல் கருகியது. உள்ளே வேகவில்லை. மெஷின் பிசைந்த மாவையும் கைதேர்ந்தவர் பிசைந்த மாவையும் எக்ஸ்-ரே எடுத்துக்கூடப் பார்த்தார்கள். ஊஹும்!

அங்கே சாஃப்ட்வேர் வேலை பார்த்த இகுகோ தனாகா என்ற பெண்மணி ஒரு யோசனை சொன்னார். ஊரிலேயே நல்ல ப்ரெட் என்று பேர் வாங்கிய ஓசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலில், தலைமை மாஸ்டரிடமே போய்ப் பிசையக் கற்றுக்கொள்வது! அப்படிப் பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. மாஸ்டர் மாவை இழுப்பதோடு நிறுத்தவில்லை, இழுக்கும்போதே முறுக்கவும் செய்கிறார்! அந்த முறுக்கலைக் கொண்டுவர, பாத்திரத்தின் உள்பக்கம் வரிவரியாகப் புடைப்புகள் வைத்தார்கள். 1987-ல் மெஷின் கடைக்கு வந்தது. அமோக விற்பனை.

பாட்டியின் ஆட்டுக்கல் வேலையைக் கோயமுத்தூர்க்காரர்கள் மோட்டாருக்குச் சொல்லிக் கொடுத்தார்களே, அந்த மாதிரி.

ஆக, மெஷினுக்குப் பிசையத் தெரியும். பொறுமையாகக் காத்திருக்கத் தெரியும். தெரியாதது ஒன்றுதான்: நீங்கள் எவ்வளவு போட்டீர்கள் என்பது! அந்தப் பொறுப்பு உங்களுடையது.

தேய்மானம் போடுவோம்

பி.காம். படித்தவனிடம் எதைக் கேட்டாலும் முதலில் தேய்மானம்தான் போடுவான். மெஷின் 8,000 ரூபாய், ஆயுள் 5 வருஷம் என்று வைத்துக்கொள்வோம். வாரம் ரெண்டு ப்ரெட் போட்டால் மொத்தம் 520. ஒரு ப்ரெட்டுக்குத் தேய்மானம் 15 ரூபாய் 38 காசு. வாரம் ஒன்று என்றால் இதுவே இரட்டிப்பு. ஆசைக்குப் பத்து தடவை போட்டுவிட்டுப் பரணில் ஏற்றினால்? ஒரு ப்ரெட் 800 ரூபாய்! அந்த விலைக்கு எந்த நட்சத்திர ஹோட்டலும் ப்ரெட் விற்காது.

இதற்கு மேல் மாவு, வெண்ணெய், ஈஸ்ட் செலவு தனி. கரண்ட் பயப்படும்படி இல்லை. சின்ன மெஷினில் ஹீட்டர் முழு வேகத்தில் எரிவது கடைசி முக்கால் மணி, ஒரு மணி நேரம்தான். ஒரு ப்ரெட்டுக்கு அரை யூனிட் சுமார்.

எல்லாம் கூட்டினால், கடையில் வாங்குவதை விடப் பெரிதாக மிச்சம் பிடிக்க முடியாது. பிறகு எதற்காம்? உள்ளே என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும், அதற்காக. 2016-ல் டெல்லியில் ஒரு சுற்றுச்சூழல் ஆய்வு மையம் கடை ப்ரெட்டுகளைச் சோதித்துப் பொட்டாசியம் ப்ரோமேட் விவகாரத்தைக் கிளப்பியது. அதே வருஷம் அரசு அந்தச் சரக்கை அனுமதிப் பட்டியலிலிருந்து தூக்கியது. வீட்டில் அந்தக் கவலையே இல்லை.

ஆனால், கெடாமல் இருக்கப் போடும் மருந்தும் வீட்டு ப்ரெட்டில் கிடையாது. சென்னைப் புழுக்கத்தில் ரெண்டு மூன்று நாளில் பூசணம் பூத்துவிடும். இங்கேதான் சின்ன மெஷினின் அருமை. 400 கிராம் ப்ரெட் என்றால் பன்னிரண்டு ஸ்லைஸ் தேறும். ரெண்டு பேர், ஆளுக்கு மூன்று. ரெண்டு நாளில் காலி! பெரிய மெஷின் வாங்கினால் பாதி குப்பைக்கு. 'சின்னதாக இருக்கிறதே' என்று உறவுக்காரர்கள் மூக்கைச் சுளித்தால் சுளிக்கட்டும்.

தராசு அவசியம்

400 கிராம் ப்ரெட்டுக்கு: மைதா 250 கிராம், தண்ணீர் 160 மில்லி, சர்க்கரை ஒரு டேபிள் ஸ்பூன், உப்பு முக்கால் டீஸ்பூன், வெண்ணெய் அல்லது எண்ணெய் ஒரு டேபிள் ஸ்பூன், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாக. முதலில் தண்ணீர், அதன்மேல் மாவு. உப்பும் சர்க்கரையும் ஓரத்தில். மாவின் நடுவே குழி செய்து ஈஸ்ட். (சில மெஷினில் வரிசை மாறும். கூட வரும் புத்தகத்தைப் பாருங்கள்.)

மாவை டம்ளரால் அளக்காதீர்கள். அழுத்தினால் ஒரு அளவு, அள்ளிப் போட்டால் இன்னொரு அளவு. சமையல் தராசு ஒன்று வாங்கி விடுங்கள். பெரிய ப்ரெட்டில் ரெண்டு ஸ்பூன் தண்ணீர் கூடினால் சமாளிக்கலாம். சின்ன ப்ரெட் மன்னிக்காது.

ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் மூடியைத் திறந்து எட்டிப் பாருங்கள். தப்பில்லை. சப்பாத்தி மாவை விடக் கொஞ்சம் இளக்கமாக, ஒரே உருண்டையாகச் சுற்ற வேண்டும். பொடிப்பொடியாக இருந்தால் ஒரு ஸ்பூன் தண்ணீர், சேறு மாதிரி இருந்தால் ஒரு ஸ்பூன் மாவு. சுட ஆரம்பித்த பிறகு மட்டும் திறக்கக் கூடாது.

கோதுமை மாவு நல்லதாச்சே என்று முழுக்க அதையே போட்டால் ப்ரெட் வராது, செங்கல் வரும்! தவிடு மாவின் இழுவையைக் கெடுக்கும். பாதிக்குப் பாதி கலந்து, தண்ணீரைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

இட்லி மாவு தெரிந்தவருக்கு...

மே மாதம் இட்லி மாவு என்ன செய்கிறது? ராத்திரி மூடி வைத்தால் விடிவதற்குள் பொங்கி மேடையில் வழிகிறது. ஈஸ்ட்டும் அதே ஜாதிதான். வெயில் காலத்தில் ஐஸ் தண்ணீர் ஊற்றி, ஈஸ்ட்டில் கால் பங்கைக் குறையுங்கள். இல்லாவிட்டால் வேகமாக எழும்பி, சுடும்போது நடுவில் பள்ளமாக உட்கார்ந்துவிடும்.

ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் எடுக்க டைமர் உண்டு. அப்போது பாலும் முட்டையும் கூடாது, கெட்டுவிடும். பால் பவுடர் போதும். இன்னொரு விஷயம்... விடிகாலை மூன்று மணிக்கு அது பிசைய ஆரம்பிக்கும்போது கடமுடவென்று சத்தம் வரும். கீழ் ஃப்ளாட்காரரோடு உங்கள் உறவு எப்படி என்று ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனால்? சில மெஷின் சில நிமிஷம் தாங்கும். அதற்கு மேல் போனால் முதலிலிருந்துதான். வாங்கும்போதே கேட்டு விடுங்கள்.

ப்ரெட் வந்ததும் கத்தியோடு பாயக் கூடாது. ஒரு மணி நேரம் ஆறட்டும். அடியில் பிளேடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும், பார்த்து எடுங்கள். மீந்ததை ஃப்ரிட்ஜில் வைத்தால் சீக்கிரம் வறண்டுவிடும். ஸ்லைஸ் போட்டு ஃப்ரீஸரில் வையுங்கள். அப்படியே டோஸ்ட் செய்யலாம்.

கடைசியாக ஒரு சுலபமான பரீட்சை. கடைக்குப் போகும் முன் ஒரு மாசம், உங்கள் வீட்டுக்கு எத்தனை ப்ரெட் வருகிறது என்று காலண்டரில் டிக் அடித்து வாருங்கள். எட்டு டிக் விழுந்தால் தைரியமாக மெஷினை வாங்குங்கள். நாலு விழுந்தால் யோசியுங்கள். ஒரே ஒரு டிக், அதுவும் ஜுரத்துக்கு என்றால்... உங்களுக்குத் தேவை மெஷின் இல்லை ஸார், டாக்டர்!