பியர்டான்: அயலவரை இழந்த கிராமம்

ருமேனியாவின் திரான்சில்வேனியாப் பிராந்தியத்திலுள்ள பியர்டான் கிராமத்தில் தேவாலயமே கோட்டையாகும். குன்றின் மீதுள்ள அவ்வாலயத்தை மூன்று சுற்று மதில்கள் சூழ்ந்துள்ளன. 1993 ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. 1999 இல் பிராந்தியத்தின் மேலும் ஆறு கிராமங்கள் இணைக்கப்பட்டன. கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் இவ்வாறு பாதுகாப்புக் கிடைத்துள்ளது. மதிலைக் கட்டிய மக்களின் வழமைகள் என்னவாயின என்பதே நாம் இங்கு நோக்க விரும்பும் விடயம்.

12 ஆம் நூற்றாண்டில் ஹங்கேரிய மன்னன் இரண்டாம் கேசா, எல்லையைக் காக்கவும் நிலத்தைப் பண்படுத்தவும் இவர்களை வரவழைத்தான். சாக்சன்கள் எனப்பட்டாலும் இவர்களிற் பெரும்பாலானோர் ரைன், மோசல் நதிப் பிரதேசங்களைச் சேர்ந்தவர்களே. இவர்களது பேச்சுவழக்கு லக்ஸம்பேர்க் மொழியை ஒத்தது. 1241 இல் மொங்கோலியரும் பின்னர் ஒட்டோமன் துருக்கியரும் படையெடுத்தபோது, ஊர் முழுவதற்கும் மதிலெழுப்ப வசதியற்ற கிராமத்தவர் தமது ஆலயத்தையே அரணாக்கிக் கொண்டனர். தானியமும் உப்பிட்ட பன்றிக்கொழுப்பும் மதிலுக்குள்ளேயே சேமிக்கப்பட்டன.

1572 முதல் 1867 வரை பியர்டான் சாக்சன்களின் லூத்தரன் ஆயர் பீடமாகவும் விளங்கியது. மணமுறிவு கோரிய தம்பதியரை மதிலுக்குள் ஓர் அறையில் அடைத்து வைக்கும் வழக்கம் அங்கிருந்தது. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு கோப்பை, ஒரு கரண்டி, அவ்வளவே. முந்நூறு ஆண்டுகளில் ஒரேயொரு மணமுறிவே நிகழ்ந்ததாக ஊரார் கூறுவர். இக்கணக்கைக் கேட்டு நாம் வியந்துவிடத் தேவையில்லை. மனமொப்பி இணங்கியவர் எத்தனை பேர், வேறு வழியின்றி இணங்கியவர் எத்தனை பேர் என்பதை அந்த அறை சொல்லப் போவதில்லை.

மதிலிலும் பெரிய அரணாக நாம் கருதுவது, சாக்சன் கிராமங்கள் யாவற்றிலும் நிலவிய அயலவர் சங்கத்தையே. வீடு கட்டுதல், கிணறு துப்புரவாக்குதல், சவக்குழி தோண்டுதல் யாவும் அதன் கூட்டுக் கடமைகள். செய்தி தாங்கிய சிறு பலகை வீட்டுக்கு வீடு கைமாறும். ஆண்டுக்கொரு முறை கூடிக் கணக்குப் பார்ப்பர். தவறியவர் தண்டம் செலுத்துவர். பிணங்கியவர் அங்கேயே சமாதானமாக வேண்டும்.

இச்சங்கத்துக்கு அயலவர் வேண்டுமே! 1945 ஜனவரியில், ருமேனியாவிலிருந்த ஜேர்மன் இனத்தவரில் ஏறத்தாழ 70,000 பேர் கட்டாய வேலைக்காகச் சோவியத் ஒன்றியத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பின்னர் சௌஷெஸ்கு ஆட்சி, மேற்கு ஜேர்மனியிடம் தலைக்கு இவ்வளவெனப் பணம் பெற்றுக்கொண்டு இவர்களை வெளியேற அனுமதித்தது. அவ்வாட்சி கவிழ்ந்ததும் 1990 இல் மாத்திரம் ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் புறப்பட்டனர். 1930 இல் ருமேனியாவில் சுமார் 745,000 ஆகவிருந்த ஜேர்மன் இனத்தவர், 2021 குடிசன மதிப்பீட்டில் ஏறத்தாழ 23,000 பேரே.

ஆலயங்களைப் பழுதுபார்க்க நிதி தேடலாம்; வாரந்தோறும் அங்கு வழிபட வருவோரை எங்கிருந்து தேடுவது? சென்றவர்களும் அவர்தம் பிள்ளைகளும் ஆண்டுதோறும் பெந்தெகொஸ்தே விடுமுறையில் ஜேர்மனியின் டிங்கெல்ஸ்பூல் நகரில் கூடுகின்றனர். பூவேலை செய்த பழைய உடைகளை அணிந்து, விட்டுவந்த கிராமங்களின் பெயர்ப் பலகைகளை ஏந்தி, அந்நகர வீதிகளில் ஊர்வலமாகச் செல்கின்றனர்.