ஞாயிற்றுக்கிழமை சாதகம், திங்கட்கிழமை வலி

வாரம் முழுக்க வீணை உறைக்குள் கிடக்கும். நவராத்திரிக்குக் கொலு முன் வாசிக்க வேண்டுமே என்ற நினைப்பு வந்ததும், ஞாயிறு காலை மூன்று மணி நேரம் ஒரே மூச்சாகச் சாதகம். மறுநாள் தோசை திருப்பக்கூட மணிக்கட்டு மறுக்கிறது. தசையைவிடத் தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. புதுச் சுமைக்கு அது மெதுவாகத்தான் பழகும். விட்ட நாட்களை ஒரே நாளில் பிடிக்கப் பார்த்தால் முதலில் நோவது அதுதான்.

வாத்தியத்துக்கு ஒரு வலி

கமகத்துக்காக வீணைக் கம்பியை அழுத்தி இழுப்பவை இடக்கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும். விரல்நுனி காய்த்துப்போவது இயல்பு. மூட்டு வலிப்பதை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கம்பி மெட்டிலிருந்து அதிகம் உயர்ந்திருந்தால் அழுத்தமும் கூடுதலாக வேண்டும். வாத்தியம் செய்பவரிடம் காட்டிச் சரிசெய்தாலே சிலருக்கு வலி குறையும்.

நம் வயலின்காரர்கள் தரையில் அமர்ந்து, வயலினின் தலைப்பகுதியை வலது கணுக்காலில் ஊன்றுகிறார்கள். தாடையால் கவ்வ வேண்டியதில்லை என்பதால் கழுத்துக்கு லாபம்தான். முதுகு வளைந்தால் அந்த லாபம் இடுப்பில் கழிந்துவிடும். மிருதங்கக்காரர்களுக்கு வலிப்பது மணிக்கட்டும் தோளும்.

சம்மணமிட்டால் முழங்கால் வலிக்கிறதா? இடுப்புக்குக் கீழே மடித்த போர்வையை வையுங்கள். அதுவும் முடியாவிட்டால் வீணையைத் தாங்கியில் வைத்து நாற்காலியில் அமரலாம். சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள்.

கை ஓயட்டும், வாய் வாசிக்கட்டும்

20, 25 நிமிடத்துக்கு ஒருமுறை வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடங்கள். அந்த இடைவெளி வீணாகாது. மிருதங்கம் கற்பவர் சொற்கட்டைத் தாளம் போட்டுச் சொல்லலாம். வீணையோ வயலினோ கற்பவர் ஸ்வரத்தைப் பாடிப் பார்க்கலாம். வாயில் பிடிபடாத கணக்கைக் கையில் ஐம்பது முறை அடித்துப் பழகுவதுதான் பலருக்கு வலியைக் கொண்டுவருகிறது. நீண்ட இடைவெளிக்குப் பின் தொடங்குபவர் தினமும் கால் மணி நேரத்தில் ஆரம்பித்து, வாரவாரம் கொஞ்சம் கூட்டட்டும்.

எப்போது மருத்துவரிடம்?

வலி மாத்திரை போட்டுக்கொண்டு வாசிக்கவே கூடாது. எச்சரிக்கை மறையும், காயம் மறையாது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனால் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படலாம். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போனால் முழங்கையில் நெருக்கம் இருக்கலாம். தூக்கத்தைக் கலைக்கும் வலி, பிடித்த டம்ளர் நழுவுவது, வீக்கம், ஓய்வெடுத்தும் இரண்டு வாரத்துக்கு மேல் குறையாத வலி: இவை இருந்தால் எலும்பு மூட்டு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பாருங்கள். ‘கை வலிக்கிறது’ என்று மட்டும் சொன்னால் கணினி வேலையைப் பற்றிக் கேட்பதோடு பேச்சு முடிந்துவிடும். நீங்கள் வாசிப்பதைப் பக்கவாட்டிலிருந்து செல்பேசியில் படம்பிடித்துக் காட்டுங்கள்.