வெளிநாட்டுப் பயணமா? கொசுவை மறந்துவிடாதீர்கள்!

கிருஷ்ணன்கோவில் பஸ் நிறுத்தம். மதுரை பஸ்ஸுக்காக ஒரு குடும்பமே காத்திருக்கிறது. ராஜபாளையம் மில்லில் தொழில் பழகிய மகனுக்கு நைஜீரியாவில் வேலை. இரண்டு பெரிய பெட்டிகள். ஒன்றில் பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், அப்பளம். இன்னொன்றில் புதுச் சட்டைகள். வழிக்கு ஒரு டப்பா ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா.

"தம்பி, கொசுவலை எடுத்து வச்சியா?" என்கிறார் வழியனுப்ப வந்த மாமா.

"போங்க மாமா! நம்ம ஊர்ல கடிக்காத கொசுவா அங்க வந்து கடிக்கப் போகுது?"

எல்லோரும் சிரிக்கிறார்கள். ஆனால், சிரித்துவிட்டு மறக்கிற விஷயமில்லை இது.

அங்கே கொசு வேறா?

மலேரியாவைப் பரப்புவது பெண் அனாபிலிஸ் கொசு. இந்தக் கொசுவின் வயிற்றில் மலேரியா கிருமி வளர்வதை ரொனால்டு ராஸ் 1897-ல் நம் நாட்டில்தான், செகந்திராபாத்தில், கண்டுபிடித்தார். கொசு இங்கேயும் உண்டு, அங்கேயும் உண்டு. அது சுமந்து வரும் கிருமியில்தான் வித்தியாசம்.

தமிழ்நாட்டில் பெரும்பாலும் வருவது வைவாக்ஸ் வகை. ஆளைப் போட்டு உலுக்கும். உயிருக்கு ஆபத்து குறைவு. ஆப்பிரிக்காவில் அதிகம் இருப்பது ஃபால்சிபாரம். கவனிக்காமல் விட்டால் ஓரிரு நாளில் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கி உயிரையே பறித்துவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் 2023-ம் ஆண்டு கணக்குப்படி, மலேரியா நோயாளிகளில் நூற்றுக்கு 94 பேர் ஆப்பிரிக்காவில்தான். நாடு வாரியாகப் பார்த்தால் நைஜீரியாவுக்குத்தான் முதலிடம்.

"எனக்குச் சின்ன வயசிலேயே மலேரியா வந்து போயிடுச்சு. இனிமே வராது" என்று சிலர் சொல்வார்கள். அது தப்பு. ஆப்பிரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட சில வருஷம் வெளியே தங்கினால் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடுகிறது. அங்கிருந்து நம் ஊர்க் கல்லூரிகளுக்குப் படிக்க வந்து, லீவுக்கு வீடு திரும்பும் மாணவர்களுக்கும் இது பொருந்தும்.

புறப்படும் முன்

பயணத்துக்கு நாலு முதல் ஆறு வாரம் இருக்கும்போதே டாக்டரைப் பாருங்கள். எந்த நாடு, எத்தனை நாள் என்று சொல்லுங்கள். அந்தக் காலத்துப் பழக்கத்தில் நாமே கடையில் குளோரோகுயின் வாங்கிக்கொண்டு போவதில் பலனில்லை. ஆப்பிரிக்க ஃபால்சிபாரம் அதற்கு அடங்காது.

ஆறு வாரத்துக்கு உட்பட்ட பயணம் என்றால் டாக்ஸிசைக்ளின் தருவது வழக்கம். புறப்பட இரண்டு நாள் முன்பே தொடங்கி, தினம் ஒன்று. கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் இது ஆகாது. அதிக நாள் தங்குபவர்களுக்கு வாரம் ஒருமுறை மெஃப்ளோகுயின். வலிப்பு நோயோ மனநலக் கோளாறோ இருந்தால் இது கூடாது. அதனால் டாக்டர் சொல்லாமல் எதையும் விழுங்காதீர்கள். கர்ப்பிணிகள் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது.

நைஜீரியா போன்ற நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியும் கட்டாயம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும், நம் பக்கத்துக்காரர்களுக்குத் தூத்துக்குடி துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். முதலிலேயே நாள் கேட்டுக்கொண்டு போங்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அது இல்லாமல் ஊர் திரும்பினால் ஆறு நாள் வரை தனியே தங்க வைத்துவிடுவார்கள்.

போன இடத்தில்

அனாபிலிஸ் கடிப்பது பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை. மாலையிலேயே முழுக்கைச் சட்டை, பேன்ட் போடுங்கள். திறந்திருக்கும் இடத்தில் கொசுவிரட்டி க்ரீம் தடவுங்கள். மருந்து தோய்த்த கொசுவலைக்குள் படுத்து, அதன் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிவிடுங்கள். மாத்திரை சாப்பிடுகிறோமே என்று வலையை விட்டுவிட வேண்டாம். எந்த மாத்திரையும் நூறு சதவீதம் காப்பாற்றாது.

திரும்பி வந்த பிறகு

பலர் கோட்டை விடுவது இங்கேதான். வீடு வந்து சேர்ந்ததும் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். கடைசி நாள் கடித்த கொசுவின் கிருமி அப்போது கல்லீரலில் வளர்ந்துகொண்டிருக்கலாம்! மேலே சொன்ன இரண்டு மாத்திரைகளையும் ஊர் திரும்பிய பிறகு நாலு வாரம் தொடர வேண்டும்.

அதன்பிறகும் மூன்று மாதத்துக்கு எச்சரிக்கை தேவை. குளிர், காய்ச்சல், தலைவலி, வாந்தி என்று வந்தால் 'கிளைமேட் மாறினதுதான்' என்று கஷாயம் குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். அவராகக் கேட்க வேண்டும் என்று காத்திருக்காமல், "டாக்டர், நான் ஆப்பிரிக்கா போய்ட்டு வந்தேன்" என்று முதலில் சொல்லிவிடுங்கள். நம் ஊரில் காய்ச்சல் என்றால் டெங்கு, டைபாய்டு என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். நீங்கள் சொல்லும் அந்த ஒரு வார்த்தைதான் மலேரியா ரத்தப் பரிசோதனைக்கு வழிகாட்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனை இலவசம். முதல் தடவை கிருமி தெரியாமல் போகலாம்; காய்ச்சல் விடாவிட்டால் மறுநாளும் பாருங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் மலேரியா முழுசாகக் குணமாகிற நோய்தான்.

மகனை வழியனுப்புகிற அம்மாக்களே! ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கொசுவலைக்கும் இடம் ஒதுக்குங்கள். அவன் ஊர் திரும்பியதும் மறக்காமல் கேளுங்கள்: "மாத்திரையை நிறுத்திடலையே, கண்ணு?"