வீடு மாறும் முன் முடிக்க வேண்டிய கடமைகள்

 

நமது மாத்தளை மாவட்டத்தில் இரு பெரும் நீர்த்தேக்கங்கள் அண்மைக் காலத்தில் அமைந்தன. அம்பன் கங்கையை மறித்த மொறகஹகந்தையில் 2017 ஜனவரியிலும், லக்கலைப் பகுதியின் களு கங்கையில் 2018 ஜூலையிலும் நீர் நிரப்பும் பணி ஆரம்பமாயிற்று. அப்பள்ளத்தாக்குகளில் தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்கள் வேறிடங்களில் குடியேற்றப்பட்டன. லக்கலைக்குப் புதிய நகரமே எழுப்பப்பட்டது. பெட்டியும் பாத்திரமும் அம்மக்களுடன் சென்றன. முன்னோரின் மண்ணறைகளும் முற்றத்து மரங்களும் உடன் செல்லவில்லை.

இதிலிருந்து நாம் விளங்க வேண்டியது என்ன? வீடு மாறுதல் என்பது லொறியில் பொருட்களை ஏற்றி இறக்குவது மட்டுமன்று. ஓரிடத்தில் நம்மீதுள்ள உரிமைகளைத் தீர்த்து, மற்றோரிடத்தின் கடமைகளை ஏற்பதே அது.

கி.பி. 622இல் நிகழ்ந்த ஹிஜ்ரத்தைச் சிந்தித்துப் பாருங்கள். உயிருக்கே ஆபத்திருந்த அவ்வேளையிலும் நபி (ஸல்) அவர்கள், மக்கள் தம்மிடம் ஒப்படைத்திருந்த அமானிதங்களை உரியவர்களிடம் சேர்ப்பிக்க அலீ (ரழி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்றார்கள். அபூபக்ர் (ரழி) அவர்கள் ஒட்டகங்களை முன்கூட்டியே தயார்படுத்தியிருந்தார்கள். அதில் ஒன்றை நபியவர்கள் விலைக்கே பெற்றார்கள். மகன் அப்துல்லாஹ் செய்தி கொண்டு வந்தார். மகள் அஸ்மா உணவு ஆயத்தம் செய்தார். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு இருந்தது.

நாமும் அவ்வாறே திட்டமிடுவோம்.

முதலாவது, புறப்படுமுன் கடைக்கடன், வீட்டு வாடகை, மின்சார, நீர்க் கட்டணங்கள் ஆகியவற்றைத் தீர்த்து விடுங்கள். அயலவரிடம் இரவல் வாங்கிய ஏணியோ சட்டியோ உங்கள் பொதிகளுக்குள் சென்றுவிட வேண்டாம். மனத்தாங்கல் இருப்பின் நேரில் சென்று மன்னிப்புக் கேளுங்கள்.

இரண்டாவது, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைகள் ஆகியவற்றை ஒரே பையில் இட்டு, லொறியில் ஏற்றாமல் கையிலேயே வைத்திருங்கள். பழைய, புதிய கிராம உத்தியோகத்தர் இருவருக்கும் அறிவியுங்கள். பாடசாலை மாற வேண்டிய பிள்ளைகளுக்கு விடுகைப் பத்திரம் பெறுங்கள். தவணை முடிவில் மாறுவது அவர்களுக்கு இலகுவாகும்.

மூன்றாவது, நமது மாவட்டத்தின் மலைச்சரிவுகளில் மண்சரிவு அபாயம் உண்டு. அத்தகைய இடத்தில் காணி வாங்குவோர் முற்பணம் கொடுக்கு முன்னரே தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்திடம் விசாரித்துக் கொள்வது அவசியம். விலை மலிவு என்பது மட்டும் காரணமாகி விடக்கூடாது.

இளைஞர்களே! பாரம் தூக்குவதுடன் உங்கள் பணி முடிந்துவிடாது. வீட்டிலுள்ள மூத்தம்மாவைப் பற்றியும் எண்ணுங்கள். நாற்பதாண்டு பழகிய முற்றத்தை விட்டு வருபவர் அவர். புதிய வீட்டில் அவரது கட்டிலையும், வுழூச் செய்யும் இடத்தையும் முதல் நாளிலேயே ஒழுங்குபடுத்துங்கள். பழைய அயலவரிடம் அவரை இடையிடையே அழைத்துச் செல்லுங்கள்.

புதிய ஊரில் பள்ளிவாசல் நிர்வாகத்தினரைச் சந்தித்து, ஜமாஅத்தில் பெயரைப் பதிந்து, சந்தாவைச் செலுத்துங்கள். அயலவர் எச்சமூகத்தவராயினும் நீங்களே முதலில் சென்று அறிமுகமாகுங்கள்.

நாம் விட்டுச் செல்லும் ஊர் நம்மை நல்லவராக நினைக்கவும், சென்று சேரும் ஊர் நம்மால் நன்மை அடையவும் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.